மட்கார்டில் ஒட்டிய சந்தனம்

அன்று காலை பட்டறை வாசலில் தயாளன் மாலையும் கையுமாக நின்றார். அவருடைய பிக்கப் வண்டியை நான் இன்னும் ரோட்டில் ஓட்டிப் பார்க்கவில்லை.

பழைய இன்ஜின் ஜாமாகிவிட்டதால், முறைப்படி அனுமதி வாங்கி, பெரிய வேன் ஒன்றின் டீசல் இன்ஜினை ஏற்றியிருந்தார். இன்ஜின் கனம் கூடினால் வண்டியின் முன்பக்கம் தாழும். அதனால் பாரம் தாங்கும் வில்பட்டை அடுக்கான முன் கமானில் பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து, யூ போல்ட்டும் ஷாக் அப்சார்பரும் புதிதாக மாட்டினேன். நிற்கும்போது மட்டமாகத்தான் நின்றது. பிரேக் பிடித்தால் எவ்வளவு குனியும் என்பது ஓட்டினால்தான் தெரியும்.

"ஓட்டிப் பாத்துட்டு பூஜை போடலாம் தயாளா," என்றேன்.

"ராகு காலம் வந்துகினு இருக்குது மேஸ்திரி. அரிசி மில்லுல சேத்துப்பட்டுக்குப் போற லோடு ஏத்தக் காத்துகினு இருக்காங்க. இன்னிக்குப் போவலைன்னா வேற வண்டியப் புடிச்சுக்குவாங்க. அந்த வாடிக்கைய நம்பித்தான் இந்த இன்ஜினே போட்டேன்."

சாமி காரியத்தில் குறுக்கே நிற்க எனக்கு மனம் வராது. முட்டிவலியோடு வாதாடத் தெம்பும் இல்லை. சரி என்றேன்.

அவர் மனைவி மல்லிகா டயர்களுக்கெல்லாம் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, முன்சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். கற்பூரம் காட்டியதும் தயாளன் வண்டியை எடுத்தார். பழங்கள் நசுங்கின. குறுக்கே நாய் ஒன்று ஓடவும் சட்டென்று பிரேக் போட்டார். வண்டி குனிந்து எழுந்தது. இடது பக்கம் சர்ரக்கென்று ஒரு சத்தம்.

"கல்லு ஏதாச்சும் இருக்கும்," என்றார்.

நான் மண்டியிட்டு மட்கார்டுக்குள் கையை விட்டேன். விரலில் ஈரச் சந்தனம் வந்தது.

"டயர் மட்கார்டு தகட்டுல இடிக்குது. வெறும் வண்டிக்கே இப்படி. மூட்டையோட வேகத்துல பிரேக் போட்டா டயரே கிழிஞ்சிடும்."

"பூஜை போட்ட வண்டிய ரிவர்ஸ் எடுத்து உள்ள வுடச் சொல்றியா? இன்னா பேஜார் மேஸ்திரி இது. தகட்டை ஜல்தியா தட்டி வுடு, போயிகினே இருக்கேன்."

"தகட்டைத் தட்டினா சத்தம்தான் போவும். கமான் தாங்காது."

மல்லிகா கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். "இன்னாங்க, பூசின சந்தனமே காட்டிக் குடுத்துடுச்சு. இதுக்கு மேல இன்னா சகுனம் வேணும் உங்களுக்கு? ரிவர்ஸ் வேணாம். தெருமுனை புள்ளையாரை மெதுவா சுத்தி வந்து நேரா உள்ள வுடுங்க. மில்லுக்கு நான் போன் பண்றேன். திட்டினா நானே வாங்கிக்கிறேன்."

தயாளன் வண்டியை மெதுவாக எடுத்தார். நான் முன்சக்கரத்தோடு கூடவே நடந்தேன்.

கமானைக் கழற்றிப் பார்த்ததில் இடது பக்கப் பழைய மெயின் பட்டை சோர்ந்து வளைவை இழந்திருந்தது. கூடுதல் பட்டையின் தயவில் நின்றவரைக்கும் அது தெரியவில்லை. இரண்டு பக்கமும் கனத்துக்கேற்ற புது செட்டே போட்டு, மூட்டை ஏற்றி ஓட்டிப் பார்த்துத்தான் வெளியே விட்டேன். மில் லோடு அதற்குள் கைமாறிவிட்டது. தயாளன் செங்கல் லோடு அடித்துப் பிழைத்தார். என்னோடு பேசவில்லை.

கனமான இன்ஜின் ஏற்றும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நிற்கிற மட்டத்தை நம்பாதீர்கள். இப்போதெல்லாம் நானே முதலில் டயரில் சந்தனம் பூசி, பிரேக் போட்டு, மட்கார்டுக்குள் தடவிப் பார்க்கிறேன். பூஜை அதற்கப்புறம்தான்.

சில மாதம் கழித்து, அரிசி மூட்டைகளோடு ஒரு வண்டி பட்டறை வாசலில் பிரேக் அடித்து நின்றது. தயாளன் இறங்காமலே தலையை நீட்டினார். "மில்லுல மறுபடி கூப்ட்டாங்க மேஸ்திரி. உள்ள கைய வுட்டுப் பாரு."

முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். கையில் தூசிதான் ஒட்டியது.