பீரோவுக்குள் குரல் அக்கா

அந்தப் பழைய அச்சகக் கட்டடத்தில் இப்போது யாரும் அச்சடிப்பதில்லை. மொட்டைமாடியில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுகிறார்கள். மாடியறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு களிமண் பிசைகிறார்கள். கீழே இருப்பது ‘பூட்டிய வீடு’ என்ற ஆட்டம். சீட்டு வாங்கி உள்ளே போகிறவர்களை வைத்துப் பூட்டிவிடுவார்கள். துப்புகளைக் கண்டுபிடித்து அவர்களே வெளியே வரவேண்டும். கேமராவில் பார்த்துக்கொண்டே, திணறுகிறவர்களுக்கு மைக்கில் குறிப்புச் சொல்வாள் ஒருத்தி. எல்லோருக்கும் அவள் குரல் அக்கா.

அவளுக்கோ பூட்டிய அறை என்றாலே குலை நடுங்கும். சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது பீரோவுக்குள் மாட்டிக்கொண்டவள். இன்றுவரை லிஃப்டில் ஏறமாட்டாள். குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடமாட்டாள். கணவர்தான் வெளியே பாட்டுப் பாடிக்கொண்டு காவல் நிற்பார்.

“உன்னைப் போய் இந்த வேலைக்கு எடுத்தான் பாரு, உன் முதலாளி” என்பார் அவர்.

“நான் வெளியிலதானே இருக்கேன்” என்பாள்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு பெண், அவள் கணவன், அவள் அம்மா என மூன்று பேர் உள்ளே போனார்கள். பாதி ஆட்டத்தில் மின்சாரம் போனது. கேமராத் திரை இருண்டது, மைக் செத்தது. சுவிட்ச் பலகையிலிருந்து புகை கிளம்பியது. கதவின் மின்பூட்டு அசையவே இல்லை. சத்தம் போகாதபடி பஞ்சு வைத்துத் தைத்த கதவைக் குரல் அக்கா ஓங்கித் தட்டினாள். ஆட்டத்தின் ஒரு பகுதி என்று நினைத்து உள்ளேயிருந்து பதிலுக்குத் தட்டினார்கள்.

முதலாளிக்குப் போன் போட்டாள்.

“பின்னால ஆட்டத்துக்காக வச்சிருக்கிற ரகசியப் பொந்து வழியா போங்கக்கா. அது பீரோவுக்குள்ள போய் முடியும். அப்படியே கூட்டிட்டு வந்துடுங்க.”

மாடிக்காரர்களைக் கூப்பிட்டுக் கத்திவிட்டு, போன் வெளிச்சத்தில் மண்டியிட்டு நுழைந்தாள். தோள் இரண்டு பக்கமும் உரசியது. திரும்பிவிடலாம் என்று நினைத்தால் திரும்ப இடமில்லை. தவழ்ந்து தவழ்ந்து, கோட்டுகள் தொங்கும் பீரோவுக்குள் தலையை நீட்டி, கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. வெளியே எண் பூட்டு. மத்தியானம் அதை மாட்டியதே அவள்தான்.

“திறங்க! பூட்டு நம்பர் நாலு, ஏழு, ஒண்ணு!”

“விடையைச் சொல்லாதீங்க மேடம்” என்றான் மாப்பிள்ளை. “நாங்களே கண்டுபிடிக்கிறோம்.”

“நிஜமா தீப்பிடிச்சிருக்குங்க!”

“என்னமா நடிக்கிறாங்க பாரேன்” என்றாள் அவன் மனைவி.

குரல் அக்காவுக்குக் கைகால் விறைத்தது. முகத்தில் உரசிய கோட்டை விலக்கக்கூட முடியவில்லை. பேச்சு வரவில்லை, அழுகை மட்டும் வந்தது, விக்கி விக்கி, சின்னப் பிள்ளை மாதிரி.

வெளியே சிரிப்பு நின்றது.

“மாப்பிள்ளை, தள்ளுங்க” என்றாள் அந்த அம்மா. “ரெண்டு பிள்ளை பெத்தவ நான். எது நடிப்பு, எது அழுகைன்னு எனக்குத் தெரியும். நாலு, ஏழு… அப்புறம் என்னம்மா?”

“ஒண்ணு.”

கதவு திறந்தது. வந்த வழியிலேயே மறுபடி நுழைய வேண்டுமே என்று அவள் பொந்து வாயிலேயே நின்றுவிட்டாள். அந்த அம்மா அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே தவழ்ந்தாள். “போ தாயீ, நான் இருக்கேன்” என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். வெளியே களிமண் கையோடு ஓடிவந்தவர்கள் மணலை வாரி இறைத்துத் தீயை அணைத்திருந்தார்கள். மாப்பிள்ளை யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பைத் தேடினான்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. முதலாளி வீடு தேடி வந்தான்.

“உள்ளேயிருந்து கையால திறக்கிற தாழ்ப்பாள் போடு தம்பி. அப்புறம் வரேன்.”

“அப்படிப் போட்டா ஆட்டத்துல என்னக்கா சுவாரஸ்யம் இருக்கு?”

“அப்ப நீயே உள்ள உட்காரு.”

முணுமுணுத்துக்கொண்டே போட்டுவிட்டான். குரல் அக்கா இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு தடவை கதவைச் சாத்தும்போதும் அவளுக்கு உள்ளங்கை வேர்க்கிறது. மைக்கில் அவள் முதலில் சொல்வது, அந்தத் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்பதைத்தான்.