இரண்டாவது ஏக்கே

அசாபா நகரத்தில் படம் எடுக்கிறவர்கள் சோமடீனாவை 'முத்திரைக்காரன்' என்றே கூப்பிடுவார்கள். ஏழு வருடமாகப் படத்தொகுப்பு அவன் பிழைப்பு. பெயர் வாங்கித் தந்தது முத்திரை. வெளியாகும் முன் பார்க்கக் கொடுக்கும் ஒவ்வொரு பிரதியிலும், கண்ணுக்குத் தட்டுப்படாத இருட்டில், வேறு வேறு முத்திரை வைப்பான். படம் கசிந்தால் யாருடைய பிரதி என்று அது சொல்லிவிடும். போன வருடம் ஒருவனைக் காட்டிக்கொடுத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், எல்லோரும் 'ஓகா', அதாவது முதலாளி, என்று கூப்பிடும் தயாரிப்பாளர் நுவோகேடி ஒரு மெமரி கார்டை மேசையில் போட்டார். வெள்ளிக்கிழமை வெளிவர வேண்டிய படம்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒனிட்சா சந்தையில சுட்ட வாழைக்காய் மாதிரி கூவி விக்கிறாங்க. யார் பிரதின்னு பாரு."

பிரதி வாங்கிய நால்வரில் ஒலிப்பதிவாளர் ஒக்வுடிலி மட்டும் அறையில் இருந்தான். வாசலை மறித்து நுவோகேடியின் டிரைவர் நின்றான்.

சமையலறைக் காட்சியில் சோமடீனா வெளிச்சத்தை ஏற்றினான். தண்ணீர்ப் பீப்பாயின் நிழலுக்குள்ளிருந்து எழுத்து மெல்ல மேலே வந்தது: ஏக்கே. நான்கு நாளுக்கு ஒரு சுற்றாக வரும் சந்தை நாட்களின் பெயரைத்தான் அவன் முத்திரையாக வைப்பது வழக்கம்.

"ஏக்கே யாருது?"

"ஒக்வுடிலியோடது." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஓகா, நான் அதத் தொறந்துகூடப் பாக்கல," என்றான் ஒக்வுடிலி. "ஒலிப்பதிவுலயே ஒரு தடவ பாத்தாச்சு. முதலாளி படத்த ரெண்டு தடவ யாரு பாப்பாங்க?"

டிரைவர் அறைந்தான். உதடு கிழிந்தது.

"இனி கல்யாண வீட்டு மைக்கூட உன் கையில எவனும் தரமாட்டான்," என்றார் நுவோகேடி. "சோமா, நம்ம படக்காரங்க க்ரூப்புல இவன் பேரைப் போடுடா."

சோமடீனா தன் போனில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தான். ஏக்கே, ஓரியே, ஆஃபோ, நுக்வோ. நான்கு பேருக்கு நான்கு. விரல் நின்றது. பேருந்தில் சத்தம் சரிபார்க்க, தன் போனுக்கென்று ஐந்தாவதாக ஒரு பிரதி எடுத்திருந்தானே. நுக்வோவுக்கு அடுத்து என்ன வரும்? பிறந்ததிலிருந்து நான்கு நாள் வாரத்தை எண்ணிய கை, யோசிக்காமல் மறுபடி ஏக்கே என்றே போட்டிருக்கும்.

சனிக்கிழமை அந்தப் போனை ஒனிட்சாவில் ஒரு கடையில் உடைந்த கண்ணாடியை மாற்றக் கொடுத்திருந்தான். போனைத் திறக்கும் எண்ணையும் கடைக்காரனிடம் சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் ஊர் சுற்றினான்.

ஐந்தாவது பிரதி இருப்பது வேறு யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்தால் போதும்.

"சோமா," ஒக்வுடிலி உதட்டைத் துடைத்தான். "நீ சொன்னா நம்புவாங்க. இன்னொரு தடவ பாரேன்."

"ஓகா, ஏக்கே ரெண்டு இருக்கு," என்றான் சோமடீனா. குரல் அவனுக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னான். போன் கடையையும் சொன்னான்.

நுவோகேடி நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப போன வருஷம் உன் பேச்சக் கேட்டு ஒருத்தனத் தொரத்தினேனே?"

"அப்ப நாலு பிரதிதான் ஓகா. எனக்குன்னு எடுக்கல."

"எடுக்கலையா, ஞாபகம் இல்லையா?"

சோமடீனாவால் சத்தியமாகச் சொல்ல முடியவில்லை.

அடித்திருந்ததை அழித்தான். 'யார் பிரதி என்று சொல்ல முடியவில்லை' என்று எழுதினான். ஒக்வுடிலி தோளுக்கு மேலே எட்டிப் படித்தான்.

"அப்படி எழுதினா பாதிப் பேரு நான்தான்னு நெனப்பாங்க. போனைக் கடையில குடுத்தேன்னு எழுதுடா. உன் பேரப் போட்டு எழுது."

எழுதினான். அனுப்பியதும் அறையிலிருந்த எல்லோருடைய போனும் ஒன்றாக ஒலித்தது.