நாலாவது தட்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு நின்ற கை இது. பாதி மறந்தும் போய்விட்டது. முன்னுக்குப் பின் முரணாக ஏதாவது வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது. பினாங்கில் துறைமுகத்துக்குப் பின்னால் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம். தகரம் போட்ட ஒரே கொட்டகை. அந்த வருஷம் எங்களுக்கு ஒரு கிராமபோன் பெட்டியும் ஐந்து இசைத்தட்டுகளும் வந்தன. பல தேசத்து வாத்தியங்களைப் பிள்ளைகள் காதால் கேட்டுப் படிக்க வேண்டுமாம். அதை நடத்திக் காட்டத்தான் புதிதாக ஒரு வாத்தியாரை வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் துரை வந்து பார்த்துத் திருப்தி என்றால்தான் அவருக்கு வேலை நிலைக்கும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

எனக்குத் தெரிந்தது என் பாடு மட்டுந்தான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பொம்பளைப் பிள்ளைக்கு நாலாவது போதும் என்றுவிட்டார். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அம்மா கெஞ்சியதில் கொஞ்சம் இறங்கினார்.

"சரி, துரை வர்ற அன்னிக்கு ஒழுங்கா பதில் சொல்லட்டும். வாத்தியார் வாயால நல்ல புள்ளன்னு சொன்னா அனுப்பறேன். இல்லாட்டி வீட்டுல இருக்கட்டும்."

வாத்தியார் தினமும் பெட்டிக்குச் சாவி கொடுத்து, முள்ளை வைத்து, ஒரே வரிசையில் தட்டுகளைப் போடுவார். முதலாவது பியானோ. இரண்டாவது பிடில். மூன்றாவது வெள்ளைக்காரப் பட்டாளத்தார் கக்கத்தில் இடுக்கி ஊதும் பை. நாலாவது நம்ம நாயனம். ஐந்தாவது சீனவர்கள் ஊதும் குழல். பிள்ளைகள் வரிசையை மனப்பாடம் செய்துவிட்டார்கள். முள் உரசும்போதே பெயரைக் கத்துவார்கள். நான் கூச்சக்காரி, கத்த மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன்.

சீனவர்களின் குழலை எனக்குத் தட்டில் கேட்டுத் தெரிய வேண்டியதில்லை. எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் அவர்களுடைய சாவு ஊர்வலம் போகும். "செத்த வீட்டு மேளத்தை வாயப் பொளந்து பாக்காதடி" என்று அம்மா உள்ளே இழுப்பாள். நாயனத்தைத்தான் தைப்பூசத்துக்குத் தைப்பூசம், கூட்டத்தின் சத்தத்தோடு கேட்பது.

துரை வந்தார். பக்கத்தில் தமிழ் தெரிந்த குமாஸ்தா ஒருவர், கிராணி என்போம், நோட்டும் பேனாவுமாக. மூன்று தட்டு ஆயிற்று, மூன்றுக்கும் சரியான பதில். நாலாவது தட்டுக்குத் துரை என்னைக் கைகாட்டினார்.

முள் உரசியது. நான் கண்ணை மூடினேன். எங்கள் வாசலில் போகும் அதே ஊதல், அதே இழுப்பு.

"சீனவங்க சாவுக்கு ஊதறது, சார்."

கொட்டகையே சிரித்தது. "நாயனத்துக்குப் பாடை கட்டிட்டாளே!" என்றான் பின்னால் ஒருவன். "யாருடி செத்தா, உங்க தாத்தாவா?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

வாத்தியார் குனிந்து தட்டைப் பார்த்தார். சுற்றிக்கொண்டிருந்ததை நிறுத்தி, அதன் நடுவிலிருந்த காகிதத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். தட்டு சூடாகிவிட்டது, ஆற வைக்கிறார் என்று நான் நினைத்தேன்.

"இந்தப் புள்ள எப்படி, வாத்தியாரே?" என்றார் கிராணி.

"கொஞ்சம் மந்தமுங்க."

கிராணி எழுதிக்கொண்டார். ஐந்தாவது தட்டைப் போடவில்லை. முள் தேய்ந்துவிட்டதாக வாத்தியார் சொன்னார்.

சாயங்காலம் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"புள்ளய மேல படிக்க வைக்கலாங்களா, சார்?"

வாத்தியார் என்னைப் பார்க்கவில்லை. "உங்க இஷ்டம்" என்றார்.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து தம்பி என் இடுப்புக்கு வந்தான். காலையில் அரிசி களையும்போது காற்று இந்தப் பக்கம் அடித்தால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது கேட்கும். நான் தண்ணீரைச் சத்தமாக ஊற்றுவேன். சிலேட்டை அம்மா கஞ்சிப் பானைக்கு மூடியாக்கினாள். நான் மந்தம் என்று எனக்கே உறுதியாகிவிட்டது. கலியாணமாகி ஐந்து பெற்ற பிறகும் யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் வாய் திறக்க மாட்டேன். தப்பாகத்தான் இருக்கும் என்று இருந்துவிடுவேன்.

துரை வந்து போய் மூன்று நான்கு மாதம் இருக்கும். பாசாரில் கீரை வாங்கிக்கொண்டு நின்றேன். தம்பி இடுப்பில். வாத்தியார் எதிரே வந்துவிட்டார். ஒதுங்கிப் போகப் பார்த்தவர், நின்றார்.

"நீ அன்னிக்குக் கேட்டது சரிதாம்மா" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அன்று எதையும் கேட்கவில்லையே? பதில்தானே சொன்னேன்? அவர் என் காதைச் சொல்கிறார், நாயனத் தட்டும் சீனக் குழல் தட்டும் உறை மாறிக் கிடந்ததைச் சொல்கிறார் என்று அந்த வயதில் எப்படித் தெரியும்?

"நான் ஒண்ணும் கேக்கலையே, சார்" என்றேன் பயந்துபோய்.

அவர் கொஞ்ச நேரம் நின்றார். நான் ஏதாவது கேட்பேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. அதை எங்கப்பாகிட்ட வந்து சொல்லுங்க சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நடந்தே வந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் வீடு அங்கிருந்து இரண்டு தெருதான். நான் கீரைக்கட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வருஷம் முன்பின் இருக்கலாம். அந்தச் சீனக் குழலுக்குச் சரியான பெயர் என்னவென்றும் எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள்.