பங்களாக் குளத்து ஆமை

இது நடந்தது. நம்ப முடியாதவர்கள் இந்த வரியோடு எழுந்து போகலாம், யாரும் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. பேய் என்று யாராவது வாயெடுத்தாலே காறித் துப்பிவிட்டு நடக்கிற வேதமாணிக்கத்துக்கு நடந்தது. அவர் வாயாலேயே மூன்று முறை கேட்டாயிற்று. மூன்று முறையும் ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை.

1967, மே மாதம். கோவில்பட்டியில் ஒரு குடம் தண்ணீருக்காகப் பெண்கள் ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்துக்கொண்ட கோடை. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்தக் கோடையிலும் எட்டயபுரம் ரோட்டுப் பங்களாவில் நீச்சல் குளம் தளும்பியது. இத்தனைக்கும் மில் முதலாளிக்கு நீந்தத் தெரியாது. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விருந்தாளிகளுக்குக் காட்டுவார். அதற்குத்தான் அவ்வளவு தண்ணீர்.

அதைச் சுத்தம் செய்ய ஒரு மிஷின் வேறு. சீமையிலிருந்து கப்பலேறித் தூத்துக்குடி வந்தது. குளத்தின் அடியில் தானாக ஊர்ந்து அழுக்கை உறிஞ்சும். எல்லோரும் ஆமை என்பார்கள். ஆமையின் முதுகிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கிளம்பி, குளத்துச் சுவரில் உள்ள துவாரத்தில் போய்ச் சேரும். அந்தக் குழாய் வெயிலில் வெடித்துவிட்டது. புதுசு மாட்ட, மில்லில் பிட்டராக இருந்த வேதமாணிக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவர் பங்களா மேனேஜர் நந்தகோபால். ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். ஆனால் வேலை செய்கிறவன் தலைமாட்டில் இடுப்பில் கை வைத்து நிற்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"நாலு மணிக்கு முதலாளி மதுரை ஆட்களோட வாராக. ஆமை ஓடணும். ஓடலைன்னா நாளையிலருந்து நீரு மில்லுக்கு வர வேண்டாம்வே."

பன்னிரண்டு வருஷ வேலை. அது ஒரு ரப்பர் குழாயில் தொங்கியது. வேதமாணிக்கம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தார். அந்த முகத்துக்குப் பதில் சொல்வது வாய்க்குக் கேவலம் என்று நினைத்தார்.

நந்தகோபால் போனதும், பங்களாவைப் பெருக்குகிற வெயிலம்மாள் விளக்குமாறோடு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, உச்சி தாண்டட்டும். பொறவு செய்யுங்க."

"ஏன், உச்சியில உங்க பேய் சோறு திங்க வருதோ?"

அவள் திரும்பிப் பெருக்கப் போய்விட்டாள். வேதமாணிக்கம் அவள் முதுகைப் பார்த்துச் சிரித்தார். முதலாளி ஒரு முட்டாள், மேனேஜர் அதைவிட முட்டாள், இவள் எல்லோருக்கும் மேல் என்பது அன்றைக்கு அவருடைய கணக்கு.

மணி 11.05. துவாரத்திலிருந்து ஆழமான மூலை வரைக்கும் டேப் பிடித்தார். முப்பத்தெட்டு அடி. குழாய் விறைக்காமல் வளைய இரண்டடி கூடுதல் விட வேண்டும். ஆக நாற்பது. புதுச் சுருள் அறுபது அடி. நாற்பதை வெட்டினார். திரும்பவும் அளந்தார். நாற்பதேதான். இரண்டு முனையிலும் கிளிப் போட்டு முறுக்கினார். கோவில்பட்டியில் டேப் பிடிக்கத் தெரிந்த கை தன் கை ஒன்றுதான் என்று அவருக்கு நினைப்பு. திமிர்தான், ஆனால் பொய்யில்லை.

11.30. மோட்டாரைப் போட்டார். ஆமை ஊர்ந்தது. ஆழமான மூலைக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டது. குழாய் கம்பி மாதிரி விறைத்து நின்றது.

வெளியே இழுத்து அளந்தார்.

முப்பத்தேழு.

வெட்டுத் தடம் இல்லை. கிளிப்புகள் அவர் முறுக்கிய இடத்திலேயே இருந்தன. மூன்றடியை மட்டும் காணோம். வெயிலில் கண் பிசகிவிட்டது என்று தன்னையே வைதுகொண்டார். மிச்சச் சுருளிலிருந்து மூன்றடி வெட்டி, பித்தளை ஜாயின்ட் வைத்து இணைத்தார். நாற்பது. குளத்துச் சுவரில் சாக்பீஸால் 40 என்று எழுதியும் வைத்தார்.

11.48. ஆமை போனது. அதே இடத்தில் நின்றது.

அளந்தார். முப்பத்தேழு.

ஜாயின்ட் அசையவில்லை. சாக்பீஸ் எழுத்தும் அப்படியே இருந்தது.

அப்போதே எழுந்து போயிருக்கலாம். நந்தகோபால் முகம் நினைவுக்கு வந்தது. அந்த ஆளிடம் போய், எனக்கு அளக்க வரவில்லை என்று சொல்வதா? திரும்பவும் மூன்றடி வெட்டி இணைத்தார். மோட்டாரைப் போட்டார். இந்தத் தடவை குழாயை விடவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தார்.

மில் சங்கு ஊதியது. மணி 12.

களக்...

குடம் முங்குகிற சத்தம். குளத்தில் ஒரு சிற்றலைகூட இல்லை.

களக்... களக்...

கையில் இருந்த குழாய் நகர்ந்தது. ஒரு முழம். நின்றது.

இன்னொரு முழம். நின்றது.

மோட்டார் இழுத்தால் இப்படி விட்டு விட்டு இழுக்காது. இது கை மாற்றிக் கை மாற்றி இழுக்கிற இழுப்பு. கிணற்றில் பெண்கள் நீர் இறைக்கிற இழுப்பு. ஆனால்... கீழே இருந்து.

எட்டி மோட்டாரை அணைத்தார்.

மோட்டார் நின்றது.

இழுப்பு நிற்கவில்லை.

கையை விட்டுவிட்டார்.

12.04.

நந்தகோபால் வந்தபோது வேதமாணிக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மேனேஜருக்குத் தொழில் தெரியாவிட்டாலும் கூட்டல் தெரியும். ஆமையில் முப்பத்தேழு, சுருளில் மிச்சம் பதினாலு. அறுபதில் ஐம்பத்தொன்றுதான்.

"ஒம்பது அடி எங்கவே?"

என்ன சொல்வது? காலம் முழுக்க யாரைப் பார்த்துக் காறித் துப்பினாரோ, அவர்கள் சொல்வதைத் தானும் சொல்வதா?

"தெரியாது" என்றார்.

"திருட்டுப் பய" என்றார் நந்தகோபால்.

வேலை போயிற்று. நாலு மணிக்கு அந்தக் குழாயோடேயே ஆமையை விட்டார்கள். அது மூலைக்குப் போகாமல் மற்ற இடமெல்லாம் சுற்றியது. மதுரை ஆட்கள் கைதட்டினார்களாம். அவர்களுக்கு அது போதும்.

எட்டு நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் வெயிலம்மாளைப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அந்தக் குளத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"குளமா? அங்கன முன்னால எங்க தெருக் கிணறுல்லா இருந்துச்சு. பதினஞ்சு வருசத்துக்கு முந்தி மழை பொய்ச்சுப் போச்சு. வாரத்துக்கு ரெண்டு முழம் தண்ணி கீழ போவும். நாங்க எல்லாரும் ரெண்டு முழம், ரெண்டு முழமா மூணு தடவை கயித்தை முடிஞ்சு நீட்டினோம். எங்க தெருப் பெத்தம்மாகிட்ட மட்டும் நீட்டக் கயிறு இல்ல. பங்களாத் தொழுவத்துல ஒரு பழைய கயிறு கேட்டா. நாயை அவுத்து விட்டாக. மறுநா உச்சியில கிணத்துச் சுவத்து உறைக்கல்லைப் பிடிச்சு உள்ள இறங்கி, குடத்தை விட்டிருக்கா..."

அவள் போக வேண்டிய பஸ் வந்து நின்றது.

"ஆளை எடுத்தாச்சு. குடமும் கயிறும் கெடைக்கல. ஆள் விழுந்த கிணத்தை அடி தட்ட இறைச்சுட்டுத்தான அடுத்த குடம் மோப்போம்? மொதலாளி இறைக்க விடல. இடத்தை வாங்கிட்டேன்னுட்டு சிமிட்டியப் பூசிட்டாக."

ஒரு முழம் ஒன்றரை அடி. இரண்டு முழம் மூன்றடி. மூன்று தடவை. குழாய் மும்மூன்று அடியாகப் போனது நந்தகோபாலுக்குக்கூடத் தெரியாது. வேதமாணிக்கம் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வெயிலம்மாள் பஸ்ஸில் ஏறப் போனவள் திரும்பினாள்.

"நீங்க போன மறுநாள்லருந்து, அண்ணாச்சி, தெனமும் உச்சிக்குப் பொறவு பெருக்கப் போவுதேன். அந்த மூலைக் கரையில வட்டமா ஈரம் இருக்கு. நெறை குடத்தை எறக்கி வச்சாப்புல."