காமிராவைப் பார்த்துச் சிரித்தவர்

வெள்ளிக்கிழமை நான் மீன் வாங்க மாட்டேன் என்று தெரிந்தும், இன்று மீன் விற்கும் தனம் அக்கா வந்து கூடையை இறக்கினார்.

வீட்டிலிருந்தபடியே ஆவணப்படங்களைப் பற்றிப் படித்து வருகிறேன். எண்பதுகளில் அக்காவின் ஊரான திருவேட்டக்குடியில் எடுத்த படம் ஒன்று கிடைத்ததாக நேற்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

அக்காவின் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அவருடைய போட்டோ ஒன்றுகூட இல்லை.

போனில் படம் ஓடியது. வலை இழுப்பவர்களில் ஒருவர் மட்டும் காமிராவைப் பார்த்துச் சிரித்தார்.

"இவருதாம்மா."

"இப்படிக் காமிராவைப் பாக்கக்கூடாதுக்கா. பாடத்துல இது தப்புன்னு சொல்றாங்க."

"காமிராவை எங்க பாத்தாரு? அதுக்குப் பக்கத்துல கூடையோட நான்ல நின்னேன்."

திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு கூடையை மறந்துவிட்டுக் கிளம்பினார்.

சினிமா படித்தவர்கள் சொல்லுங்கள், இந்தத் தப்புக்கு எவ்வளவு மார்க் குறைப்பீர்கள்?