சைலன்சரில் வந்த நூல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. குருவின் விரலில் விழுந்த வெட்டு இன்னும் ஆறவில்லை. காஞ்சிபுரத்தில் அவன் தெருவுக்குப் போனால் நீங்களே பார்க்கலாம்.

குரு பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். அவன் மாட்டியிருந்த சைலன்சரின் சத்தம் தெருமுனைக்கு முன்பே கேட்கும். பக்கத்து வீட்டு ராமலிங்கம் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைப் பிணைக்கிறவர். தறியில் மிஞ்சிய பழைய இழையோடு புது இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்டு, ஒவ்வொன்றாக விரலால் முறுக்க வேண்டும். வண்டி வெடிபோலச் சத்தம் போட்டால் இழை நழுவிவிடும். பலமுறை வந்து சொல்லிப் பார்த்தார்.

"சைலன்சர்னா சத்தத்த அடக்கணும்பா. உன்னுது அந்தப் பேருக்கே அசிங்கம்."

குரு அவர் முகத்துக்கு நேராக ஆக்ஸிலரேட்டரைத் திருகினான்.

ஒரு மதியம், பாதிப் பாவில், ராமலிங்கம் தன் வீட்டுத் தறிமேலேயே உயிர்விட்டுச் சாய்ந்தார். பிணம் எடுக்கும்வரை அந்தத் தெருவில் தறி ஓடாது. ஒரு தறியும் ஓடவில்லை. குரு மட்டும் வண்டியை உறுமவிட்டபடி அந்த வாசலைத் தாண்டினான். ராமலிங்கத்தின் மனைவி கமலவேணி மண்ணை வாரித் தூற்றினாள். சத்தத்துக்கெல்லாம் யாராவது சாவார்களா என்று இவனும் எகிறினான்.

அடுத்த மாதம் வண்டி மக்கர் செய்தது. உதைத்தால் இருமும். அணையும். இரண்டு நாள் வேலை போயிற்று. நாளையும் வராவிட்டால் வரவே வேண்டாம் என்றுவிட்டார்கள். சைலன்சர் அடைத்திருக்கிறது, மாற்று என்றார் மெக்கானிக்.

"அந்தப் பொம்பள தான் எதையோ உள்ள சொருகிக்கீது" என்று குரு பல்லை நறநறவென்று கடித்தான்.

மாலை நாலு மணி. பரணிலிருந்து பழைய கம்பெனி சைலன்சரை இறக்கினான். மனைவி சங்கரி வண்டியைப் பிடித்துக்கொண்டாள். துருவேறிய நட்டைத் திட்டிக்கொண்டே கழற்றினான்.

கழன்று வந்த சைலன்சரின் வாயில் ஒரு நூல் தொங்கியது.

கத்திரிப்பூ நிறப் பட்டு. இழுத்தான். வந்தது. இன்னும் வந்தது... அத்தனை சூடு கண்ட குழாய். நூல் கருகவே இல்லை. ஜில்லென்று இருந்தது.

மடி நிறையக் குவிந்தது.

"போதும், உட்டுடு" என்றாள் சங்கரி.

விடவில்லை. அவ்வளவு கோபம்.

அப்போது...

உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள்.

சர்ர்ர்...

மடியில் இருந்தது மொத்தமும் குழாய்க்குள் ஓடியது. விரலை அறுத்துக்கொண்டு ஓடியது.

தெருவில் தறிச் சத்தம் நின்றது. எல்லாத் தறியும். ஒரே நேரத்தில்.

பிணம் கிடக்கும்போது நிற்பது போல.

குரு அலறிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். பூட்டு தொங்கியது. கமலவேணி காரியம் முடிந்த கையோடு தென்னேரிக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பழைய சைலன்சரை மாட்டினான். ஒரே உதை. வண்டி பூனை போல ஓடியது. வேலை தப்பியது.

மறுநாள் காலை, அவன் கிளம்பும்போது கமலவேணி வந்து பூட்டைத் திறந்தாள். உள்ளே போனவள் வெறிபிடித்தவள் போல் வெளியே வந்து அவன் சட்டையைப் பிடித்தாள்.

"பூட்டன வீட்ல பூந்து என்னடா பண்ணிக்கினு இருந்த?"

இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

பாதியில் நின்ற பாவு. கத்திரிப்பூ நிறம். இப்போது முழுவதும் பிணைந்திருந்தது.

அவர் இருந்தவரை முறுக்கியதில் சாம்பல். மீதி எல்லாவற்றிலும் புகைக்கரி.

கடைசி இழையில் மட்டும்... ரத்தம்.