பொட்டைத் தேடி வந்த பழ ஈக்கள்

இதை எழுத வேண்டும் என்று சில வருடங்களாக நினைப்பதும், ஈயைப் பற்றி யார் படிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவதுமாக இருந்தேன். எனக்கு எழுதிப் பழக்கமும் இல்லை. ஆனால் எங்கள் மாடிவீடுகளில் கதை வேறு விதமாகப் பரவிவிட்டது. முருகன் துணையோடு, நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஒரு வருடம் கந்தசட்டி விரதத்தை என் கணவரின் கண்ணுக்காக நேர்ந்து பிடித்தேன். விரதம் முடிந்த கிழமை அவருக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை. கடைசி நாள் படைக்க வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு சீப்புக் கதலி வாங்கி, சாமித்தட்டின் கீழே பழுக்க வைத்தேன். வாசம் எழும்பியதும் சின்ன ஈக்கள் வந்துவிட்டன. துணி போட்டு மூடினேன். இடுக்கால் புகப் பார்த்தன. ஈ வாய் வைத்தால் எச்சில். எச்சிலை எப்படிப் படைப்பது?

"இஞ்சேருங்கோ, பழத்தைச் சுத்தி ஈ!"

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை. தேனீ வாய் வைச்ச பூவை மட்டும் சாமிக்கு வைப்பீர், என்ன?"

"பகிடி விடாமல் ஏதாவது செய்யுங்கோ. விரத நாளில கொல்லவும் ஏலாது."

அவர் தடவித் தடவி ஒரு பொறி செய்தார். ஜாம் போத்தலுக்குள் வாழைப்பழத் தோலும் வினாகிரிக் காடியில் நனைத்த பஞ்சும். வாயில் கடதாசிக் கூம்பு, அதன் நுனியில் சின்னத் துளை. உள்ளே போன ஈக்குத் திரும்ப வழி தெரியாது. மணத்துக்கு ஈக்கள் வரத்தான் செய்தன. ஆனால் கண்ணாடிப் போத்தல் கண்ணில் படாதது போலச் சுற்றிச் சுற்றிப் பறந்து, மறுபடி துணியிலேயே போய் இருந்தன.

முகம் கழுவப் போகும்போது ஒட்டுப்பொட்டைக் கழற்றிக் கைக்கு எட்டியதில் ஒட்டுவது என் பழக்கம். அன்று எட்டியது அந்தப் போத்தலின் விளிம்பு. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பார்க்கிறேன், ஈக்கள் நேரே என் கருஞ்சிவப்புப் பொட்டில் வந்து இறங்குகின்றன! அங்கிருந்து நடந்து கூம்புக்குள் போகின்றன.

வெறும் போத்தல் ஒன்றிலும் பொட்டு ஒட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மணம் அழைக்க வேண்டும், கண் இடத்தைக் காட்ட வேண்டும். எள்ளிலும் சின்னத் தலைக்குள் இந்த அறிவை வைத்தவனை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். நாங்களும் சாம்பிராணி வாசத்துக்குத் திரும்பி, உள்ளே விளக்கைக் கண்ட பிறகுதானே கோயிலுக்குள் போகிறோம்?

"நல்ல காலம், பொட்டை என்ர நெத்தியில ஒட்டேல்லை," என்றார் அவர்.

பின்னேரம் போத்தலைக் கடற்கரை ரயில் பாதைப் பக்கம் கொண்டுபோய்த் திறந்துவிட்டேன். கதலி ஈ தொடாமல் படையலுக்கு வந்தது. சத்திரசிகிச்சை முடிந்து அவர் கண்ணும் தெளிந்தது. ஒருநாள் மாம்பழத் தோலில் இருந்த ஈ ஒன்றின் மேலே குனிந்தபடி கூப்பிட்டார்.

"இஞ்ச பாருமப்பா, இதின்ர கண் சிவப்பெல்லோ!"

அவர் காட்டித்தான் நானே அதைக் கண்டேன். என் நேர்த்தி நிறைவேறியது என்று அப்போதுதான் மனதார நம்பினேன்.

இப்போது அயலில், பொட்டில் முருகன் எழுந்தருளி ஈயை விரட்டினார் என்கிறார்கள். அப்படி இல்லை. ஈ மணத்துக்கு வந்தது, பொட்டைக் கண்டு இறங்கியது. அதை அப்படிப் படைத்ததே அவனுடைய அற்புதம். நாங்கள் அதில் எதையும் சேர்க்கத் தேவையில்லை. யாருக்காவது சொல்வதென்றால், தயவுசெய்து கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்.